பித்தநாள ஸ்டென்ட் குடலுக்குள் இறங்கிவிட்டால் காத்திருக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். 62 வயதான உங்கள் அம்மாவுக்கு, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் பித்தநாளத்தில் கல் அடைத்துக் காமாலை வந்ததால் 14 மாதங்களுக்கு முன் ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமரா குழாயைச் செலுத்திப் பித்தநாளத்தை அடையும் சிகிச்சை) செய்து, பித்தநீர் வடிவதற்காக ஸ்டென்ட் எனப்படும் சிறிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதை 3 மாதத்தில் எடுத்திருக்க வேண்டும். அது யாருக்கும் நினைவில் இல்லாமல் போய்விட்டது. சில நாட்களாக இடது அடிவயிற்றில் லேசான வலி இருக்கிறது என்று சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, ஸ்டென்ட் பித்தநாளத்தில் இல்லை, பெருங்குடலின் கடைசி வளைவில் கிடக்கிறது என்று அறிக்கை வந்திருக்கிறது. பார்த்த மருத்துவர் தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும் என்கிறார். உறவினர் ஒருவர் மலத்தோடு தானாகப் போய்விடும் என்கிறார். ஸ்டென்ட்டால் வரும் அரிய சிக்கல்கள் என்னென்ன என்று நீங்கள் பொதுவாகக் கேட்டிருந்தாலும், அம்மாவுக்கு நேர்ந்திருப்பது அவற்றில் ஒன்றா, காத்திருப்பது ஆபத்தா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். குடல், கல்லீரல் நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவராகப் பல ஆண்டுகளாக இந்த ஸ்டென்ட்டுகளை வைத்தும் எடுத்தும் வருகிறேன் என்ற தகுதியில் பதில் எழுதுகிறேன். ஆனால் உங்கள் அம்மாவின் ஸ்கேன் படங்களை நான் பார்க்கவில்லை, அவருடைய வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. ஆகையால் முடிவெடுக்க வேண்டியவர் அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்தான். அந்த முடிவு எதை வைத்து எடுக்கப்படுகிறது என்பதை விளக்குவது மட்டுமே என்னால் இயலும்.

பித்தநாளத்துக்குள் எண்டோஸ்கோப்பி வழியாகப் பிளாஸ்டிக் குழாய் வைக்கும் முறையை 1970களின் இறுதியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சோஹெந்த்ரா என்ற மருத்துவர் தொடங்கிவைத்தார். அதன் அடிப்படை இன்றும் பெரிதாக மாறவில்லை. பெரும்பாலும் பயன்படுவது 10 பிரெஞ்சு அளவுக் குழாய்; அதாவது 3.3 மில்லிமீட்டர் தடிமன், 5 முதல் 15 சென்டிமீட்டர் வரை நீளம். நேரான வகையில் இரு முனைகளுக்கும் அருகே குழாயின் சுவரையே சீவி எடுத்தது போல ஒரு சிறிய மடல் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். மேல் மடல் குழாய் கீழே நழுவாமலும், கீழ் மடல் அது மேலே ஏறிவிடாமலும் தடுக்கின்றன. இன்னொரு வகையில் இரு முனைகளும் பன்றிவால் போலச் சுருண்டிருக்கும். இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பித்தநாளத்தில் இருக்கும்வரை ஸ்டென்ட்டைக் காப்பாற்றும் அதே மடல்தான், அது குடலுக்குள் இறங்கிய பிறகு எங்கேயாவது மாட்டிக்கொள்ளும் கொக்கியாக ஆகிவிடுகிறது.

மூன்று மாதம் என்ற கெடு எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் நாளொன்றுக்கு 500 முதல் 1,000 மில்லிலிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது ஸ்டென்ட் வழியாக ஓடத் தொடங்கியதும் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் குழாயின் உட்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அவை சுரக்கும் நொதி பித்தநீரின் நிறமியைக் கால்சியத்தோடு சேர்த்துக் களிம்பாகப் படியவைக்கிறது. கீழ்முனை குடலுக்குள் திறந்திருப்பதால் உணவின் நார்களும் உள்ளே ஏறிவிடுகின்றன. பல மாதம் கழித்து எடுக்கும் ஸ்டென்ட்டைத் தட்டில் வைத்து நறுக்கிப் பார்த்தால், நீலமோ பச்சையோ ஆக இருந்த குழாய் கறுத்திருக்கும்; உள்ளே தார் போன்ற பழுப்புச் சேறு இறுகியிருக்கும்; சில வேளைகளில் கீரை நாரும் மிளகாய்த் தோலும்கூட அடையாளம் தெரியும்படி அதில் சிக்கியிருக்கும். 3 முதல் 4 மாதங்களில் பெரும்பாலான பிளாஸ்டிக் ஸ்டென்ட்டுகள் இப்படி அடைபடத் தொடங்குவதால்தான் அதற்குள் மாற்றவோ எடுக்கவோ சொல்கிறோம். அடைத்தால் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், மேல் வயிற்றின் வலப்பக்கத்தில் வலி, கண்ணில் மஞ்சள் ஆகியவை வரலாம்; அது பித்தநாளத் தொற்று, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. அடைப்பும் தொற்றும் அரிய சிக்கல்கள் அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காலம் தாண்டிய ஸ்டென்ட் உள்ளவர்களில் நான் அதிகம் பார்ப்பது இவற்றைத்தான்.

இனி இடம் மாறுவதைப் பார்ப்போம். வைக்கப்படும் ஸ்டென்ட்டுகளில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை மேலேயோ கீழேயோ நகர்கின்றன என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. ஆகவே நகர்வதும் மிக அரிது என்று சொல்வதற்கில்லை. புற்றுநோய்க்காக வைத்தவர்களுக்கு, கட்டி நாளத்தை நெருக்கி உண்டாக்கிய சுருக்கமே குழாயை இறுகப் பிடித்துக்கொள்கிறது. கல்லுக்காக வைத்தவர்களுக்கோ, நாளம் விரிந்திருக்கும்; அது குடலில் திறக்கும் வாயையும் நாமே வெட்டிப் பெரிதாக்கியிருப்போம்; பிடிமானம் குறைவு என்பதால் குழாய் கீழே வழுகி வருவதற்கு இடம் அதிகம். அப்படி இறங்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தராமல் மலத்தோடு வெளியேறிவிடுகின்றன. எனவே உங்கள் உறவினர் சொன்னது கட்டுக்கதை அன்று. குறித்த நாளில் ஸ்டென்ட் எடுக்க வந்தவருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே ஸ்டென்ட்டே இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய அனுபவம் எங்கள் துறையில் எல்லோருக்கும் உண்டு. குடலைத் துளைப்பது, இடம் மாறியவற்றில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது.

ஆனால் அந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. குழாய் எங்கே நிற்கிறது, எவ்வளவு நாளாக நிற்கிறது என்பதுதான் ஆபத்தை முடிவு செய்கிறது. துளை விழும் இடங்களில் முதலிடம் இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலுக்கு. அந்தப் பகுதி முதுகுப்புறச் சுவரோடு ஒட்டி, அசைய இடமின்றி இருப்பதால், பாதி நாளத்திலும் பாதி குடலிலுமாக நிற்கும் ஸ்டென்ட்டின் முனை எதிர்ச்சுவரை ஒரே இடத்தில் நாள்கணக்கில் அழுத்துகிறது. அங்கே விழும் துளை பெரும்பாலும் பின்பக்கமாகத் திறப்பதால், வயிறு கல்லாக இறுகும் வழக்கமான அறிகுறி இல்லாமல் முதுகுவலியும் காய்ச்சலும் மட்டுமே தெரிந்து, கண்டுபிடிப்பதற்கே காலதாமதம் ஆகலாம். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் சிறுகுடல் தளர்வாக அசைவதால் பயணம் எளிது; ஆனால் முன்பு செய்த அறுவை சிகிச்சையால் குடல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும், குடலிறக்கத்தின் பைக்குள் குடல் வளைவு சென்றிருந்தாலும் அங்கே சிக்கிக்கொள்ளும். குடல்வாலுக்குள் நுழைந்து குடல்வால் அழற்சியைக் கிளப்பிய நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன.

கடைசியாக உங்கள் அம்மாவின் ஸ்டென்ட் நிற்கும் இடம். பெருங்குடலின் இறுதியில் உள்ள இந்த வளைவு ஒடுக்கமானது, திருகலானது. நடுவயதைத் தாண்டிய பலருக்கு அதன் சுவரில் குண்டுமணி அளவில் சிறுசிறு பைகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருக்கும். அந்தப் பைகளின் சுவரில் குடலுக்குரிய முழுத் தசை கிடையாது, மிக மெல்லியது. மடல் நீட்டிய ஒரு பிளாஸ்டிக் குழாயின் முனை அதற்குள் நுழைந்துவிட்டால் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. அங்கே அது சீழ்க்கட்டியை உண்டாக்கலாம். துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் வரலாம். அக்கம்பக்கத்தில் உள்ள சிறுநீர்ப்பையோடோ, கருப்பை நீக்கப்பட்ட பெண்களுக்கு யோனிச் சுவரோடோ ஒரு புரைவழியை, அதாவது இரு உறுப்புகளை இணைக்கும் தவறான வழியை, ஏற்படுத்தலாம். சிறுநீர் கழிக்கும்போது காற்று சேர்ந்து வருகிறது என்று ஒருவர் சொன்னால் இதை நாங்கள் நினைக்க வேண்டியிருக்கிறது.

நான் நேரில் கண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுபதை நெருங்கிய பெரியவர், ஸ்டென்ட் வைத்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இடது அடிவயிற்றில், விரலால் சுட்டிக்காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில், உட்காரும்போது மட்டும் குத்துவதாகச் சொன்னார். எக்ஸ்ரேயில் இடது இடுப்பெலும்புக்கு மேலே வெள்ளைக் கோடாக ஸ்டென்ட் தெரிந்தது. காய்ச்சல் இல்லை, இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடவில்லை. ஆகவே ஐந்து நாள் பொறுத்து மறுபடி ஒரு படம் எடுத்தோம். இரண்டு படங்களையும் ஒளிப்பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியபோது, கோட்டின் சாய்வுகூட மாறாமல் அப்படியே இருந்தது. அதற்கு மேல் காத்திருக்கவில்லை. ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயைச் செலுத்தும் கொலனோஸ்கோப்பியில் பார்த்தபோது ஸ்டென்ட்டின் ஒரு முனை சிறு பைக்குள் மடலோடு புதைந்திருந்தது. மறுமுனை எதிர்ச்சுவரில் ஊன்றி, அங்கே ஒரு வெள்ளைப் புண் உண்டாகியிருந்தது. குழாயைக் கண்ணியில் பிடித்து, மடல் விரியும் திசையை அறிந்து, முதலில் புதைந்த முனையை மெதுவாகப் பின்னிழுத்து விடுவித்த பிறகுதான் வெளியே கொண்டுவந்தோம். புண் இருந்த இடத்தில் இரண்டு கிளிப் போட்டோம். மறுநாள் கஞ்சி குடித்தார், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். இன்னும் ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் அந்தப் புண்ணைப் பார்த்த பிறகு, வலி சொல்லும் நோயாளியிடம் போய்விடும் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஸ்டென்ட் சிறுகுடலிலோ பெருங்குடலின் தொடக்கத்திலோ இருக்கிறது, முன்பு வயிற்று அறுவை சிகிச்சையோ குடலிறக்கமோ இல்லை என்றால், சில நாள் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து அது நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருப்பது முறையானது. வலி இருந்தாலோ, ஒரே இடத்தில் நின்றாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருப்பது முறையன்று. இவை இரண்டிலும் எனக்கு ஐயமில்லை. உங்கள் அம்மாவுக்கு வலி இருக்கிறது, வலியின் இடமும் ஸ்டென்ட்டின் இடமும் ஒன்றாக இருக்கின்றன; ஆகவே எடுத்துவிட வேண்டும் என்ற மருத்துவரின் பக்கமே நானும் நிற்கிறேன். எடுப்பது என்றாலே வயிற்றைத் திறப்பது என்று அஞ்ச வேண்டாம். குடலுக்கு வெளியே காற்றோ சீழோ இல்லை என்று ஸ்கேன் சொன்னால் கொலனோஸ்கோப்பியே போதும். சிறிய துளை விழுந்திருந்து, வயிறு முழுதும் தொற்று பரவாமல் இருந்தால், குழாயை எடுத்துத் துளையைக் கிளிப்பால் மூடி ஆன்டிபயாட்டிக் மருந்தோடு கவனித்துக் குணமாக்கியிருக்கிறார்கள். வயிற்றறைக்குள் மலம் கசிந்து தொற்று பரவிவிட்டால் மட்டும் அறுவை சிகிச்சையைத் தவிர்க்க முடியாது.

ஐயத்துக்கு இடமுள்ளது எது என்றால், எத்தனை நாள் வரை காத்திருக்கலாம் என்ற கணக்கு. இதற்கெனப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளை வைத்து வகுத்த விதி இல்லை. நாங்கள் நம்பியிருப்பது பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய பதிவுகளை. அவற்றில் ஒரு குறை உண்டு: குடலைத் துளைத்த ஸ்டென்ட்டைப் பற்றி மருத்துவர் கட்டுரை எழுதுவார், சத்தமில்லாமல் மலத்தோடு போனதைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள். ஆகவே கட்டுரைகளை மட்டும் படித்தால் ஆபத்து உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். இணையத்தில் தேடிப் படித்துவிட்டு நீங்கள் இரவில் தூங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள்; இதை அதற்காகவே சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சீக்கிரம் வெளியேறட்டும் என்று விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுக்க வேண்டாம், வீட்டில் எனிமா வைக்கவும் வேண்டாம். மாட்டிக்கொண்ட குழாயின்மீது குடல் வேகமாகச் சுருங்கினால் முனை சுவரில் மேலும் அழுந்தும் என்பது என் அச்சம். கொலனோஸ்கோப்பிக்கு முன் குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் மருந்தைக்கூட, ஸ்கேனைப் பார்த்துத் துளை இல்லை என்று உறுதி செய்த பிறகே கொடுப்போம்.

நீங்கள் பொதுவாகக் கேட்ட மற்ற அரிய சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். இவற்றில் பெரும்பாலானவை உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. ஸ்டென்ட் மேல்நோக்கி ஏறிக் கல்லீரலுக்குள் சென்றுவிட்டால் அங்கே சீழ்க்கட்டி உண்டாகலாம். அதை நாளத்துக்குள் தேடிப் பிடித்து இழுப்பது, கீழே இறங்கியதை எடுப்பதைவிடக் கடினமான வேலை. பல ஆண்டுகள் மறந்துபோன ஸ்டென்ட்டைச் சுற்றிக் கல் வளர்ந்து இரண்டும் ஒன்றாக இறுகிவிடுவதும், இழுக்கும்போது குழாய் உடைந்து பாதி உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. உலோக வலையால் ஆன, 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை விரியும் ஸ்டென்ட்டுகளுக்கு வேறு சிக்கல்கள்: பித்தப்பையின் வாயை மூடிப் பித்தப்பை அழற்சி வரலாம், கணைய நாளத்தின் வாயை அழுத்திக் கணைய அழற்சி வரலாம். இவை எல்லாவற்றிலும் நான் அதிகம் அஞ்சுவது இரத்தக்கசிவை. பித்தநாளத்துக்குப் பக்கத்திலேயே கல்லீரலுக்குச் செல்லும் தமனி ஓடுகிறது. ஸ்டென்ட்டின் முனை நாளத்தின் சுவரை அரித்துத் தமனியைத் தொட்டால், தமனியின் சுவர் பலவீனப்பட்டுப் பலூன் போலப் புடைத்து, ஒருநாள் நாளத்துக்குள் வெடிக்கும். வலது மேல்வயிற்றில் வலி, காமாலை, கறுத்த மலம் அல்லது இரத்தவாந்தி ஆகியவை சேர்ந்து வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். முதல் கசிவு சிறிதாக வந்து தானாக நின்றுவிடக்கூடும்; நின்றுவிட்டதே என்று விட்டுவிட்டால் அடுத்தது உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. எடுத்து, தொடையிலோ கையிலோ உள்ள தமனி வழியாகச் சென்று புடைப்பை உள்ளிருந்தே அடைப்பதுதான் இதற்கு இப்போது முதன்மையான சிகிச்சை.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது, எடுக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்ற வரி. சொல்லியிருக்கலாம், வலியிலும் பதற்றத்திலும் இருந்தவர்களின் காதில் விழாமல் போயிருக்கலாம்; சொல்லாமலே விட்டிருக்கவும் கூடும். நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், நான்காண்டு பழைய ஸ்டென்ட்டோடு கடும் தொற்றில் வந்த ஒரு அம்மாளின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், மருந்துகளின் பட்டியலுக்குக் கீழே, ஆங்கிலத்தில் ஒரே வரியாக 3 மாதத்தில் ஸ்டென்ட் அகற்றவும் என்று இருந்தது. அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். வயிற்றுக்குள் ஒரு குழாய் இருப்பதே அவருக்குத் தெரியாது, கல்லை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் நம்பியிருந்தார். அன்றிலிருந்து ஸ்டென்ட் வைக்கும் ஒவ்வொருவருக்கும், எடுக்க வேண்டிய மாதத்தைத் தமிழில் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, கூட வந்தவரின் செல்பேசியிலும் நாளைப் பதிவுசெய்யச் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததை உங்கள் குற்றம் என்று நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது, ஆனால் இடம் மாறிய ஸ்டென்ட்டைப் பற்றிய கவலையில் பலரும் கவனிக்காமல் விடுவது. ஸ்டென்ட் வெளியே வந்துவிட்டது சரி, அதை எதற்காக வைத்தார்களோ அந்தக் கல் போய்விட்டதா? பெரிய கல்லை ஒரே தடவையில் எடுக்க இயலாதபோது, பித்தநீர் வடியட்டும் என்று தற்காலிகமாக ஸ்டென்ட் வைத்து, அடுத்த முறை மீதிக் கல்லை எடுப்பது எங்கள் வழக்கம். அப்படி வைத்ததாக இருந்தால், கல் இன்னும் நாளத்திலேயே இருக்கலாம். எனவே 14 மாதங்களுக்கு முந்தைய ஈ.ஆர்.சி.பி. அறிக்கையைத் தேடி எடுங்கள். கற்கள் முழுவதும் நீக்கப்பட்டன என்று இருக்கிறதா, பகுதியாக என்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். அறிக்கை கிடைக்காவிட்டால் கல்லீரல் செயல்பாட்டு இரத்தப் பரிசோதனையும், பித்தநாளத்தைக் காட்டும் எம்.ஆர். ஸ்கேனும் அதற்கு விடை சொல்லும். பித்தப்பை இன்னும் உள்ளே இருந்து அதில் கற்கள் இருந்தால், அதை அகற்றுவதைப் பற்றியும் பேச வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் வலியும் காய்ச்சலும் அடங்கியே தெரியும் என்பதால், லேசான வலி என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் கொலனோஸ்கோப்பிக்கு நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த ஏற்பாடுகளுக்கு ஓரிரு நாள் ஆகலாம், அதில் தவறில்லை. அதற்குள் வலி கூடினாலோ, வயிறு இறுகினாலோ, காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தாலோ, குறித்த நாளுக்காகக் காத்திருக்காமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அந்த ஸ்கேன் படங்களோடு அழைத்துச் செல்லுங்கள்.